முந்நூற்றுப் பதினான்காவது போர்வை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது, எங்கேயோ யாரோ சொன்னது என்ற கதையெல்லாம் இல்லை. அந்தத் தொலைபேசியை எடுத்தது இந்தக் கைதான்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டமே திரியும். நானும் அதையெல்லாம் கேட்டுச் சிரித்தவன்தான். எனக்கு வந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. அறையில் நாலு ட்யூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. மேஜையில் பாதி குடித்த டீ. பக்கத்து அறையில் மேலாளர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பயப்படுவதற்கு ஒரு காரணமும் இல்லாத இடம் அது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி புரியாது.

நான் நிவாரணக் கிடங்கில் இருக்கிறேன். வெள்ளமோ புயலோ எது வந்தாலும், மேட்டுப் பகுதியில் இருக்கும் எங்கள் கிடங்கிலிருந்துதான் கீழே இருக்கும் வட்டாரங்களுக்கெல்லாம் மாவு, பால்பவுடர், மருந்து, போர்வை போகும். எந்த முகாமுக்கு எவ்வளவு, எந்த லாரி, எந்த வழி... இதைப் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. உண்மையில் பிரிப்பது கம்ப்யூட்டர். நான் அதற்குத் தீனி போடுகிறவன். தினமும் சாயங்காலம் முகாம்களிலிருந்து கூப்பிட்டு இத்தனை பேர் இருக்கிறோம், இன்னது வேண்டும் என்று சொல்வார்கள். அதை உள்ளே போட்டால், குறைந்த டீசலில் நிறையப் பேருக்குச் சீக்கிரம் எப்படிச் சேர்ப்பது என்று அது வழி சொல்லும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. எல்லா முகாமும் பொய் சொல்லும். நூறு பேர் இருந்தால் இருநூறு என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பசிக்கிற வயிறு அப்படித்தான் பேசும். ஆனால் அதை அப்படியே நம்பினால் பொய் சொல்லத் தெரியாத முகாம் பட்டினி கிடக்கும். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். நேரத்துக்குக் கூப்பிட்டு, முன்னுக்குப் பின் முரணில்லாமல் கணக்குச் சொல்கிற முகாமுக்கு நம்பிக்கை மதிப்பெண் கூடும். மதிப்பெண் கூடினால் கேட்டது கிடைக்கும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அந்த வருஷம் ஆறு கரை புரண்டது. கீழ்ப் பகுதி முழுக்கத் தண்ணீர். முகாம்களிலிருந்து செல்போனிலும் வயர்லெஸ்ஸிலும் கூப்பிட்டார்கள். ஒருத்தர் அழுவார், ஒருத்தர் கத்துவார், பின்னால் குழந்தைகள் வீல் வீல் என்று அலறும். ஏழு மணிக்குக் கூப்பிட வேண்டியவர் ஒன்பதுக்குக் கூப்பிட்டு என்னையே திட்டுவார்.

ஒரே ஒரு முகாம் மட்டும் வேறு மாதிரி.

ஆற்றோரப் பள்ளிக்கூட முகாம். அங்கிருந்து என் மேஜையில் இருந்த பழைய கறுப்புத் தொலைபேசிக்குத்தான் கூப்பிடுவார்கள். ஆறு மணி அடிக்கும், தொலைபேசியும் அடிக்கும். ஒரு பெண் குரல். நிதானமாக, பாடம் நடத்துகிற மாதிரி.

"நூத்தி எண்பத்தேழு பேர் சார். சாப்பாடு வேண்டாம். போர்வை மட்டும் அனுப்புங்க. எல்லாருக்கும் குளிருது."

"நீங்க யாரும்மா?"

"இங்க டீச்சர்."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. எனக்கு அந்த டீச்சரம்மாவை உடனே பிடித்துப்போனது. இப்படி நாலு பேர் இருந்தால் என் வேலை எவ்வளவு சுலபம் என்று மேலாளரிடம்கூடச் சொன்னேன்.

மறுநாள் இருநூற்று முப்பத்தொன்று. அதற்கு மறுநாள் இருநூற்று அறுபத்தெட்டு. எங்கள் கம்ப்யூட்டர் அந்த முகாமைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. மற்ற முகாம்களின் போர்வையையெல்லாம் குறைத்து அதற்கே ஒதுக்கியது. ஆனால் அங்கே போகச் சாலை இல்லை. அதனால் அந்தப் போர்வைகள் மட்டும் எங்கள் குடோன் மூலையில் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே வந்தன.

அப்போதுதான் எனக்குள் ஏதோ நெருடியது. போகச் சாலை இல்லையென்றால்... ஆட்கள் மட்டும் எப்படிப் போய்ச் சேருகிறார்கள்?

மேலாளரிடம் கேட்டேன். "படகுல வருவாங்கய்யா. மனுஷன் உசிருக்குப் பயந்தா எப்படியாவது வருவான்" என்றார். சரிதான் என்று விட்டேன். ஆனாலும் மனசு அடங்கவில்லை. உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து குடோனுக்குப் போய் அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த அடுக்கின் கீழே தரை ஈரமாக இருந்தது. மேலே கூரையைப் பார்த்தேன். ஒழுகவில்லை. போர்வைகளைத் தொட்டுப் பார்த்தேன். மொறமொறவென்று காய்ந்திருந்தன. துடைக்கச் சொன்னேன். மறுநாள் மறுபடி ஈரம்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தொலைபேசி.

"முந்நூத்திப் பன்னெண்டு பேர் சார். முந்நூத்திப் பதினாலு போர்வை வேணும்."

"ரெண்டு எதுக்கும்மா கூட?"

"நாளைக்கு வர்றவங்களுக்கு."

நான் சிரித்தேன். பொய் சொல்லாத டீச்சரம்மாவும் இரண்டு கூட்டிக் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். இரண்டுதானே, போகட்டும் என்று போட்டும் கொடுத்தேன். அவர் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். முந்நூறு பேர் இருக்கும் இடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. எங்கேயோ தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்...

மறுநாள் காலையில் ஆற்றங்கரை மேல் போகும் மண் சாலை திறந்துவிட்டது என்று செய்தி வந்தது. கம்ப்யூட்டர் உடனே ஒரு லாரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

அது என் மாப்பிள்ளையின் லாரி.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். எங்கள் கிடங்கில்தான் டிரைவர். வாயைத் திறந்தால் கேலி. தங்கைக்கு அப்போது நிறைமாதம், இன்றோ நாளையோ என்று இருந்தாள். வேறு வண்டி போகட்டும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். மாப்பிள்ளை கேட்கவில்லை.

"போர்வைதானே மச்சான், பூகம்பமா? போட்டுட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துருவேன். உங்க தங்கச்சிகிட்ட குழந்தைய நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க."

கூடப் போனவர் ஒரு லோடுமேன். சதா கொட்டாவி விடுவார். சாதாரணக் கொட்டாவி இல்லை, ஆ...வ் என்று தொடங்கி, நடுவில் ஒரு விக்கல் விக்கி, ஓ...ய் என்று முடியும். குடோனின் அந்தக் கோடிக்குக் கேட்கும். அதனால் அவருக்குப் பெயரே கொட்டாவி அண்ணன். லாரியில் ஏறி உட்கார்ந்ததுமே ஒன்று விட்டார்.

"என்ன அண்ணே, உங்களுக்கு இன்னும் விடியலையா?" என்றார் மாப்பிள்ளை. தினமும் கேட்பதுதான். தினமும் எல்லாரும் சிரிப்பதுதான்.

தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். லாரி மதியம் கிளம்பியது.

என் திரையில் அது ஒரு பச்சைப் புள்ளி. ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. தங்கை இரண்டு தரம் கூப்பிட்டாள். "அண்ணா, அவர் எங்க போயிட்டிருக்காரு?" என்று கேட்டாள். திரையைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. டீ வாங்கினேன், குடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் புள்ளி நின்றுவிட்டது. கரைச் சாலையின் நடுவில். பள்ளிக்கூடம் இன்னும் தள்ளி இருந்தது. சிக்னல் போயிருக்கும், அல்லது டீ குடிக்க நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கரையில் டீக்கடை ஏது...

ஆறு மணி.

தொலைபேசி அடித்தது.

"முந்நூத்திப் பதிமூணு பேர் சார்."

பழக்கதோஷத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

"இன்னும் ஒருத்தர் வாசல்ல நிக்கறாரு. உள்ள வந்ததும் முந்நூத்திப் பதினாலு."

அப்போதுதான் அவர் பின்னால் முதல் தடவையாக ஒரு மனிதச் சத்தம் கேட்டது.

ஆ...வ்... ஒரு விக்கல்... ஓ...ய்.

தொலைபேசி கையிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது. அந்தக் கொட்டாவியை எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் கொட்டாவி கிடையாது.

திரையைப் பார்த்தேன். புள்ளி அங்கேயேதான் நின்றது. அசையவில்லை.

லாரியோடு பேசும் வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"மாப்ள... மாப்ள... எங்க இருக்கீங்க?"

கர்ர்ர்ர்...

"மாப்ள, நான்தான் பேசறேன். கேக்குதா?"

கர்ர்ர்... கர்ர்...

"வந்து சேர்ந்துட்டோம் மச்சான்."

அவர் குரல்தான். ஆனால் கேலி இல்லை. தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி இருந்தது.

"எங்க சேர்ந்தீங்க?"

"ஸ்கூலுக்கு. வண்டி கேட்டுக்குள்ள நிக்குது."

புள்ளி கரையில் நின்றது.

"எப்படிப் போனீங்க மாப்ள?"

"தெரியல... வந்துட்டோம்."

"அண்ணன் எங்க?"

"உள்ள வரிசையில நிக்கறாரு. கூப்பிடறேன், திரும்ப மாட்டேங்கறாரு." பிறகு மெதுவாக, "யாருமே பேச மாட்டேங்கறாங்க மச்சான். எல்லாரும் தொப்பலா நனைஞ்சிருக்காங்க. மழை நின்னு எவ்வளவு நேரமாச்சு..."

"நீங்க எங்க நிக்கறீங்க?"

"வாசல்ல."

வயர்லெஸ்ஸைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"டீச்சரம்மா எண்ணிட்டிருக்காங்க" என்றார். "ஒவ்வொருத்தர் தலையா தொட்டு... கிட்ட வந்துட்டாங்க."

எனக்கு என்ன தோன்றியது, ஏன் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியாது. பொய் சொன்னேன்.

"மாப்ள, தங்கச்சிக்கு வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. உங்களத்தான் கேட்டு அழறா. உடனே திரும்பி வாங்க."

"இதோ... எண்ணி முடிச்சதும்..."

"எண்ணுறதுக்கு முன்னாடி வாங்க. தலைய தொட விடாதீங்க. வெளிய வாங்க மாப்ள. திரும்பிப் பாக்காம வாங்க."

கர்ர்ர்...

சொட்... சொட்...

தண்ணீரில் யாரோ நடக்கும் சத்தம். சளக்... சளக்...

வயர்லெஸ்ஸில் அந்தப் பெண் குரல். மிக அருகில்.

"நனைஞ்சிருக்கீங்களே தம்பி... உள்ள வாங்க."

அப்புறம் ஒன்றுமே இல்லை.

அந்த ராத்திரியை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. மேலாளர் படகுக்காரர்களை அனுப்பினார். விடிந்த பிறகுதான் மாப்பிள்ளை கிடைத்தார். உயிரோடு. கரை உடைந்து லாரி ஆற்றுக்குள் சரிந்திருந்தது. கேபின் மேலே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்ததாம். கொட்டாவி அண்ணன் கேபினுக்குள்ளே, தண்ணீருக்கடியில் இருந்தார். கரை உடைந்தது ஆறு மணிக்கு முன்பே. அதாவது நான் அந்தக் கொட்டாவியைக் கேட்டபோது...

லாரியைக் கட்டி இழுத்தார்கள். தார்ப்பாய்க் கயிறு நாங்கள் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு போர்வைகூட இல்லை.

மாப்பிள்ளை ஒரே பேச்சாகச் சொன்னார். லாரி கவிழவே இல்லை, நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் நடந்து போனோம் என்றார். நான் மேலாளரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னை என் அறைக்குக் கூட்டிப்போனார்.

"அந்த ஸ்கூல் முதல் ராத்திரியே முங்கிருச்சாம். இப்பதான் படகுக்காரங்க சொல்றாங்க. மாடிக்கும் மேல தண்ணியாம். உள்ள இருந்தவங்க நூத்தி எண்பத்தேழு பேர். ஒருத்தர்கூட மிஞ்சல."

"தினமும் கூப்பிட்டாங்களே சார்."

"எந்த போன்ல?"

காட்டினேன். அந்தக் கறுப்புத் தொலைபேசியைப் பார்த்ததும் அவர் ஓரடி தள்ளி நின்றார். அந்த லைன் வருவது கீழ்ப் பகுதி எக்ஸ்சேஞ்சிலிருந்து. அதுவும் முதல் ராத்திரியே முங்கிவிட்டதாம்.

"அதுக்கப்புறம் தினமும் கூடிக்கிட்டே வந்துச்சுன்னு சொன்னீங்களே" என்றார். "இந்த வெள்ளத்துல மொத்தம் செத்தவங்க எத்தனை பேர் தெரியுமா?"

"வேணாம் சார். சொல்லாதீங்க."

அவர் சொல்லவில்லை. நானும் இதுவரை கேட்கவில்லை.

அன்று சாயங்காலமும் அடித்தது. எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கை போய் எடுத்துவிட்டது.

"வாசல்ல நின்னவர் போயிட்டாரு சார். பரவாயில்ல. அவர் போர்வைய மடிச்சு வெச்சிருக்கேன்."

வைத்ததும் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, கத்தரியால் துண்டாக வெட்டிப் போட்டேன். அப்புறம் அடிக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் மேலாளரே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தார். அப்புறம் சொன்னார். சுவரெல்லாம் சேறு. ஹால் தரையில் மட்டும் எங்கள் கிடங்குப் போர்வைகள் வரிசை வரிசையாக விரித்திருந்தனவாம். ஒவ்வொன்றும் யாரோ படுத்து எழுந்த மாதிரிக் கசங்கி, ஈரமாக. கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, ஒன்று மட்டும் மடித்தபடி. காய்ந்தபடி.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம். பயன்படுத்தாத சரக்கு திரும்ப வந்தே ஆக வேண்டும். மேலாளர் அதை விட்டுவிட்டு வரக் கூடாதா? கொண்டுவந்துவிட்டார். வேறு போர்வைகளோடு கலக்க அவருக்கும் மனம் வரவில்லை. எரிக்கவும் அனுமதி இல்லை. குடோனின் ஸ்டீல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

மாப்பிள்ளை அதற்கப்புறம் லாரியைத் தொடவில்லை. கிடங்கிலேயே சரக்கு எண்ணி வைக்கும் வேலை கொடுத்தோம். பெண் குழந்தை பிறந்தது. கேலியெல்லாம் மெல்லத் திரும்பி வந்தது. ஆனால் குளிர் மட்டும் போகவில்லை. கொளுத்துகிற வெயிலிலும் ஸ்வெட்டர். தங்கை மூன்று போர்வை போர்த்திவிட்டாலும் நடுங்குவார். காட்டாத டாக்டர் இல்லை. உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். இப்படியே மூன்று வருஷம்.

போன மாதம் ஒரு நாள். மத்தியானத்திலிருந்து மழை. ஏதோ எடுக்க குடோனுக்குள் போனேன். ஸ்டீல் அலமாரி திறந்து கிடந்தது.

காலி.

ஸ்டோர்கீப்பரைக் கேட்டேன்.

"உங்க மாப்ளதான் சார் எடுத்துட்டுப் போனாரு. சும்மாதானே கிடக்குதுன்னாரு."

அறைக்கு ஓடி வந்து தங்கையைச் செல்போனில் கூப்பிட்டேன்.

"அவர் எங்க?"

"தூங்கறாரு அண்ணா. ஒரு புதுப் போர்வை கொண்டாந்தாரு. இதைப் போத்தினாத்தான் குளிரவே இல்லங்கறாரு. மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் மனுஷன் நிம்மதியா படுத்திருக்காரு."

"அதை எடுத்துடும்மா. இப்பவே உருவி எடு."

சிரித்தாள். "தூங்கற மனுஷன்கிட்ட பிடுங்கச் சொல்றியா? உனக்கு என்ன ஆச்சு?" பின்னால் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

மணி ஆறு.

மேஜையில் அந்தக் கறுப்புத் தொலைபேசி, வயர் துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்த அந்தத் தொலைபேசி... அடித்தது.

எடுத்தேன்.

"முந்நூத்திப் பதினாலு சார். கணக்கு சரியாயிடுச்சு. இனிமே ஒண்ணும் அனுப்ப வேண்டாம்."

அவர் பின்னால், ஆ...வ்... ஒரு விக்கல்... ஓ...ய்.

அதற்கும் பின்னால், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல், கேலியாக.

"என்ன அண்ணே, உங்களுக்கு இன்னும் விடியலையா?"

இன்னொரு காதில் தங்கை பேசிக்கொண்டிருந்தாள்.

"இரு அண்ணா, டீ ஆறிடும். அவரை எழுப்பிட்டு வர்றேன்."